தடுப்பு வேலிக்கு அப்பால்

தை பிறந்துவிட்டால் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் சிற்றூர்கள் எருது விடும் விழாவிற்கு ஆயத்தமாகும். ஊர்த்தெருவோ ஊரையொட்டிய மண்பாதையோ அன்று பந்தயத்தடமாக மாறிவிடும். வண்ணப் பொடியும் மாலையும் சூடிய எருது அவிழ்த்து விடப்பட்டதும் கூட்டத்தின் நடுவே பாய்ந்தோடும். குறித்த தொலைவை எத்தனை நொடிகளில் கடந்தது என்பதைக் கணக்கிட்டுப் பரிசு அளிப்பர். அந்தத் தடத்திற்குக் கரை எது? சில இடங்களில் சவுக்குக் கட்டைகள். பல இடங்களில் மனிதர்களே. எருது வரும்போது கூட்டம் பிளந்து வழிவிடுகிறது. கடந்ததும் மீண்டும் கூடிவிடுகிறது. வழிவிடுவதில் அரை நொடி பிந்தியவர் நிலை என்ன என்பதை அவ்வூர்களின் முதியோர் நன்கறிவர்.

2023 ஜனவரி 21 அன்று தருமபுரியை அடுத்த தடங்கத்தில் சல்லிக்கட்டு நடைபெற்றது. அதைக் காண உறவினருடன் வந்திருந்த 14 வயதுச் சிறுவன் ஒருவன் காளை முட்டியதில் உயிரிழந்தான். அவன் மாடு பிடிக்க வந்தவன் அல்லன். வேடிக்கை பார்க்க வந்தவன். களத்தில் இறங்கும் வீரருக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. பதிவு எண்ணும் சீருடையும் உண்டு. பார்க்க வருபவருக்கோ தமக்கும் களத்திற்கும் இடையிலுள்ள தடுப்பு ஒன்றே காப்பு. 2017ஆம் ஆண்டின் சல்லிக்கட்டு விதிகள் இருவரிசைத் தடுப்பு அமைக்க வேண்டும் என்றும், பார்வையாளர் மாடத்தின் உறுதிக்குப் பொதுப்பணித்துறை சான்றளிக்க வேண்டும் என்றும் கூறுவதற்குக் காரணம் இதுவே.

எருதின் இடத்தில் காரையோ மோட்டார் சைக்கிளையோ வைத்துப் பார்த்தால், உலகெங்கும் மோட்டார் பந்தயங்களை நூறாண்டுகளுக்கு மேலாக அலைக்கழித்துவரும் சிக்கலும் இதுவே என்பது விளங்கும். பார்வையாளர் நிற்க வேண்டிய இடம் எது? அந்த இடத்தை விட்டு அவர் ஏன் தடத்திற்குள் வருகிறார்? வந்தால் என்ன நேர்கிறது?

சாலையிலிருந்து தடத்திற்கு

மோட்டார் பந்தயம் தோன்றிய காலத்தில் அதற்கெனத் தனித்தடம் இல்லை. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் பொதுச்சாலையிலேயே கார்கள் விரைந்தன. 1903 மே மாதத்தில் பாரிசிலிருந்து மாட்ரிட் நோக்கிப் புறப்பட்ட பந்தயத்தைக் காணப் பிரான்சு நாட்டுச் சாலைகளின் இருமருங்கிலும் பெருந்திரளான மக்கள் நின்றனர். கார் நெருங்கும்வரை சாலையிலேயே நின்று, இறுதி நேரத்தில் விலகிக்கொள்வது அவர்கள் வழக்கம். எருது விடும் தெருவில் நாம் காணும் காட்சிதான். அன்று ஓட்டுநரும் பார்வையாளருமாகப் பலர் மாண்டனர். ரெனோ நிறுவனத்தைத் தோற்றுவித்த உடன்பிறந்தோருள் ஒருவரான மார்செல் ரெனோவும் விபத்தில் சிக்கி உயிரிழந்தார். போர்தோ நகரிலேயே பந்தயம் நிறுத்தப்பட்டது. மாட்ரிட் நகரைக் கார்கள் அடையவே இல்லை.

தமிழகத்தின் கதை வேறு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமைக்கப்பட்ட விமான ஓடுதளம் ஒன்று போருக்குப் பின் பயனற்றுக் கிடந்தது. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் விளையாட்டுக் கழகம் அங்கே பந்தயங்களை நடத்தியது. ஆண்டுதோறும் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஓட்டுநர்களும் மக்களும் அங்கே திரண்டனர். ஆயினும் விமானம் இறங்குவதற்கென அமைக்கப்பட்ட பரந்த வெளியில், கூட்டத்தையும் கார்களையும் பிரித்து வைக்கும் நிலையான அமைப்பு எதனையும் எதிர்பார்க்க இயலாது. 1990இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் அக்கழகத்தின் நிரந்தரத் தடம் திறக்கப்பட்டது. அதன்பின் கோயம்புத்தூர்ச் செட்டிப்பாளையத்தில், மறைந்த பந்தய ஓட்டுநர் கரிவரதன் பெயரால் மற்றொரு தடம் உருவானது. நிரந்தரத் தடம் என்பது வழுவழுப்பான தார்ப்பாதை மட்டும் அன்று. கட்டுப்பாடு இழந்த கார் வேகம் தணியத் திறந்தவெளி, அதனைத் தாங்கி நிறுத்தும் அரண், அரணுக்குப் பின்னால் கம்பிவேலி, வேலியிலிருந்து தள்ளிப் பார்வையாளர் மாடம் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே தடம். வேலியைத் தாண்டுபவர் வெறும் கம்பியைத் தாண்டுவதில்லை. தமக்காக அமைக்கப்பட்ட பாதுகாப்பு அடுக்குகள் அனைத்தையும் ஒரே தாவலில் பின்னால் விட்டுவிடுகிறார்.

கண் செய்யும் பிழை

தடத்தைக் குறுக்கே கடந்தவர்களுள் உயிர்தப்பியோரைக் கேட்டால், கார் தொலைவில்தான் இருந்தது என்பர். அவர்கள் பொய் கூறவில்லை. நேராக நம்மை நோக்கி வரும் பொருளின் வேகத்தைக் கணிப்பதில் மனிதக்கண் வலிமை குன்றியது. பக்கவாட்டில் செல்லும் காரின் இடம் நொடிக்கு நொடி மாறுவதைக் கண் எளிதாக உணரும். எதிரே வரும் கார் இடம் மாறுவதில்லை. அதன் உருவம் பெரிதாவது மட்டுமே வேகத்தின் அடையாளம்.

மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 55 மீட்டர் கடக்கும். அது 200 மீட்டர் தொலைவில் இருக்கும்போது நம் கண்ணுக்கு எவ்வளவு அகலமாகத் தெரியும்? 2 மீட்டர் அகலமுள்ள கார் அத்தொலைவில் வானத்து முழுநிலவைவிடச் சற்றே பெரிதாகத் தெரியும், அவ்வளவே. அடுத்த 100 மீட்டரைக் கடந்தபின் இரண்டு நிலவுகளின் அகலம். அதற்குள் முதல் இரண்டு நொடிகள் போய்விட்டன. எஞ்சியிருப்பவை இரண்டு நொடிகளுக்கும் குறைவானவை. உருவம் திடுமெனப் பெருகி அச்சம் தோன்றும் நேரம் கடைசி ஒரு நொடியே. 12 மீட்டர் அகலத் தடத்தை ஒருவர் ஓடிக் கடக்க மூன்று நொடிகள் ஆகும் என்று கொண்டால், அவர் புறப்படும்போது கார் 165 மீட்டருக்கு அப்பால் இருந்தாக வேண்டும். அந்தத் தொலைவில் அது அவர் கண்ணுக்கு ஒரு சிறு புள்ளி.

காதும் துணை செய்வதில்லை. ஒரு கார் கடந்து செல்லும் பேரிரைச்சலில் அடுத்த காரின் ஓசை அமிழ்ந்துவிடும். கடந்துபோன காரைப் பார்க்கத் தலையை நீட்டுபவர், பின்னால் வருவதற்கு முதுகைக் காட்டி நிற்கிறார்.

“ஓட்டுநர் பார்த்து நிறுத்த மாட்டாரா?” என்று கேட்கலாம். வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் பயிலும் செய்தி. 100 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தபின் 40 மீட்டரில் நிற்கும் காரை 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து அதேபோல் நிறுத்த 160 மீட்டர் வேண்டும். பந்தயக்காருக்குச் சிறந்த பிரேக்குகள் உண்டு என்பது உண்மையே. ஆனால் அதற்கு மற்றொரு கட்டுப்பாடும் உண்டு. சாலையை டயர் பற்றிக்கொள்ளும் ஆற்றல் ஒரு குடத்து நீர் போன்றது. வளைவில் திரும்புவதற்கே அந்நீர் முழுவதையும் பயன்படுத்தும்படி ஓட்டுவதுதான் பந்தயம். நடுவே ஒருவர் குறுக்கிட்டால் பிரேக்குக்கெனத் தனியே எடுக்க நீர் இல்லை. ஓட்டுநர் வலிந்து திருப்பினால் டயர் பற்று விடுகிறது. கார் எங்கே செல்லும் என்பது அவர் கையில் இல்லை. ஒருவரைத் தவிர்க்க முயலும் கார் கூட்டத்தின் மேல் பாய்வது இவ்வாறுதான்.

தியத்தலாவையில் ஒரு ஞாயிறு

இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளை மாவட்டத்து மலைகளுக்கிடையே அமைந்த ஊர் தியத்தலாவை. அங்கே நடைபெறும் ‘ஃபாக்ஸ் ஹில்’ பந்தயம் அந்நாட்டில் புகழ்பெற்றது. கொரோனாத் தொற்று, பொருளாதார நெருக்கடி முதலிய காரணங்களால் ஐந்தாண்டுகள் தடைபட்டிருந்த அப்பந்தயம் 2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை மீண்டும் நடைபெற்றது. புத்தாண்டை ஒட்டிய விடுமுறைக்காலம் அது. நெடுநாள் காத்திருந்த மக்கள் குழந்தைகளுடன் பல்லாயிரக்கணக்கில் கூடினர்.

தடம் மண்ணால் ஆனது. பந்தயத்தின் நடுவே ஒரு கார் கவிழ்ந்தது. தடப்பணியாளர்கள் மஞ்சள் எச்சரிக்கை காட்டினர். பின்னால் வந்த கார்களுள் ஒன்று தடத்தை விட்டு விலகி, ஓரத்தில் நின்றிருந்தோர் மீது பாய்ந்தது. ஏழு பேர் மாண்டனர். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். மாண்டவர்களுள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. நால்வர் தடப்பணியாளர்கள்.

இந்நிகழ்வில் கூர்ந்து நோக்க வேண்டியது வரிசைமுறை. உயிர்களைப் பறித்தது முதல் விபத்து அன்று, இரண்டாவது விபத்து. ஒரு கார் கவிழ்ந்ததும் மக்களின் கண்களும் கால்களும் அதை நோக்கிச் செல்வது இயல்பு. என்ன ஆயிற்று என்று அறியும் ஆவல், உதவ வேண்டும் என்னும் நல்லெண்ணம், கைப்பேசியில் பதிவு செய்யும் அவா ஆகிய எல்லாம் ஒரே திசையில் மனிதரை ஈர்க்கின்றன. ஆனால் கவிழ்ந்த காரினால் தடம் குறுகிவிட்டது. பின்வரும் ஓட்டுநர் தாம் எண்ணியிராத பாதையில் திரும்ப வேண்டியிருக்கிறது. மண்தடத்தில் எழும் புழுதி அவர் கண்ணை மறைக்கிறது. தடத்திலேயே மிகவும் ஆபத்தான இடமாக அந்நொடியில் மாறுவது, எல்லாரும் பார்க்க விரும்பும் அந்த இடமே.

பயிற்சி பெற்றவருக்கும் இது நேரும். 1977 மார்ச் 5 அன்று தென்னாப்பிரிக்காவின் கியாலாமி தடத்தில் ஒரு கார் ஓரமாக நின்று தீப்பற்றத் தொடங்கியது. அணைப்பதற்காகப் பணியாளர் இருவர் தடத்தைக் குறுக்கே கடந்து ஓடினர். அவ்விடம் மேடு ஏறி இறங்கும் பகுதி. வரும் கார்கள் அவர்களுக்குத் தெரியவில்லை, அவர்களும் ஓட்டுநருக்குத் தெரியவில்லை. ஒருவர் தப்பினார். தீயணைப்புக் கருவியைச் சுமந்து ஓடிய 19 வயது இளைஞர் மீது டாம் பிரைஸ் என்னும் ஓட்டுநரின் கார் மோதியது. இளைஞர் அங்கேயே மாண்டார். அவர் கையிலிருந்த கருவி தலையில் தாக்கியதால் பிரைசும் உயிரிழந்தார். தடத்திற்குள் நுழையும் மனிதர் தமக்கு மட்டுமே ஆபத்தைத் தேடிக்கொள்வதில்லை என்பதற்கு இதனினும் கொடிய சான்று இல்லை.

நம் நாட்டில் 2019 செப்டம்பர் 21 அன்று இராசத்தானின் பார்மேர் மாவட்டத்தில் தேசிய ராலி போட்டியின் ஒரு சுற்று நடந்தது. ராலி என்பது வட்டத்தடத்தில் அன்று, அடைக்கப்பட்ட ஊர்ச்சாலைகளில், ஒவ்வொரு காராக இடைவெளி விட்டு அனுப்பி நேரம் கணக்கிடும் பந்தயம். அடைக்கப்பட்ட அந்தப் பாதைக்குள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டனர். பந்தயக்கார் மோதியதில் மூவரும் மாண்டனர். அவர்கள் பந்தயம் பார்க்க வந்தவர்களும் அல்லர். பல கிலோமீட்டர் நீளும் ராலிப் பாதையில் வயல்வழிகளும் ஒற்றையடிப் பாதைகளும் வந்து சேரும் இடங்கள் எத்தனையோ. ஒவ்வோர் இடத்திலும் ஒருவரை நிறுத்தினாலும், அன்றாடம் தாம் போய்வரும் சாலை இன்று தமக்குரியது அன்று என்பதை ஊராருக்கு உணர்த்துவது எளிதன்று. இரண்டு கார்களுக்கிடையே நிலவும் அமைதியும் ஏமாற்றக்கூடியது. பந்தயம் முடிந்தது போலும் என்று எண்ணச் செய்யும் அமைதி அது.

கூட்டத்தின் உந்துதல்

தடத்திற்குள் நுழைவோர் அனைவரும் ஒரே வகையினர் அல்லர். 2003இல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தடத்தில், சீறிவரும் கார்களை நோக்கிப் பதாகையுடன் ஒருவர் ஓடினார். தம் கொள்கையை உலகறியச் செய்வது அவர் நோக்கம். பணியாளர் ஒருவர் பாய்ந்து அவரை அப்புறப்படுத்தியதால் உயிர்ச்சேதம் இல்லை. இத்தகையோர் அரியர்; செய்தியாவதும் அவர்களே. பெரும்பாலும் நிகழ்வதோ வேறு. முன்வரிசையில் நிற்பவருக்குத் தெரிகிறது. பின்வரிசையில் நிற்பவருக்குத் தெரியவில்லை. பின்னிருப்பவர் நெருக்க, முன்னிருப்பவர் அரையடி நகர்கிறார். அவர் நகர்ந்த இடத்தை மற்றொருவர் நிரப்புகிறார். எவரும் வேலியைத் தாண்ட முடிவு செய்யவில்லை. ஆனால் கூட்டம் தாண்டிவிட்டது.

1970 அக்டோபரில் மெக்சிகோ நகரில் நடந்த உலகப்போட்டி இதற்குத் தக்க சான்று. ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் திரண்டனர். தடுப்புகளை மீறித் தடத்தின் ஓரத்திலேயே அமர்ந்தனர். அந்நாட்டு மக்கள் போற்றிய பெத்ரோ ரோத்ரிகசும், உலக வாகையர் ஜாக்கி ஸ்டூவர்ட்டும் நேரில் சென்று பின்னே நகருமாறு வேண்டினர். கூட்டம் சற்று நகர்ந்தது. அவர்கள் திரும்பியதும் பழைய இடத்திற்கே வந்தது. பந்தயத்தைக் கைவிட்டால் அத்தனை பெரிய கூட்டம் கலகம் செய்யுமோ என்று அஞ்சி, தாமதமாகத் தொடங்கினர். நடுவே தடத்தில் ஓடிய நாய் மீது ஸ்டூவர்ட்டின் கார் மோதியது. மனித உயிர் எதுவும் போகவில்லை என்பது வியப்பே. ஆயினும் அடுத்த 16 ஆண்டுகளுக்கு, 1986 வரை, மெக்சிகோவிற்கு அப்போட்டி திரும்பவில்லை. நாய் என்றதும் 2011இல் நொய்டாவை அடுத்த புத்தா தடத்தில், இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் போட்டியின் தொடக்கப் பயிற்சியை ஒரு தெருநாய் நிறுத்திவைத்ததையும் நினைவுகூரலாம். நாய் நுழையும் இடைவெளியில் சிறுவனும் நுழையலாம் என்பதால் அதனை நகைச்சுவையாக மட்டும் கொள்வதற்கில்லை.

இங்கே குற்றம் யாருடையது என்னும் வினா எழும். விபத்துக்குப் பின் மக்களின் ஒழுங்கின்மையைச் சாடுவது எங்கும் வழக்கம். மேட்டில் நின்றால் நன்றாகத் தெரியும் என்னும்போது தடத்தோரத்திற்கு எவரும் வருவதில்லை. மாடமும் மேடும் இல்லாத இடத்தில் கூட்டம் தடத்தையே நாடும். கொள்ளளவை மீறி மக்களை உள்ளே விட்டபின் ஒலிபெருக்கியில் எச்சரிப்பது பயன் தராது. 1955இல் பிரான்சின் லெ மான் தடத்தில் எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது அவர்கள் எல்லையை மீறியிருக்கவில்லை. அனுமதிக்கப்பட்ட இடத்திலேயே நின்றனர். காருக்கும் அவர்களுக்கும் இடையே இருந்த மண்கரை போதவில்லை. 1957இல் இத்தாலியின் ‘மில்லே மில்யா’ பந்தயத்தில் டயர் வெடித்த கார் சாலையோரத்தில் நின்ற ஒன்பது பேரைக் கொன்றது. அவர்களுள் ஐவர் குழந்தைகள். பொதுச்சாலையில் நடந்த அந்தப் பந்தயம் அத்துடன் முடிவுக்கு வந்தது. ஆகவே பார்வையாளர் எல்லையைக் காக்க வேண்டும் என்று சொல்வதற்கு முன், காக்கத்தக்க இடத்தில் எல்லையை வகுக்க வேண்டிய பொறுப்பு நடத்துவோருடையது.

முடிந்துவிட்டதா?

கட்டம்போட்ட கொடி அசைந்ததும் பந்தயம் முடிகிறது, கார்கள் நிற்பதில்லை. அவை மேலும் ஒரு சுற்று வந்தே நிறுத்துமிடம் சேரும். வெற்றி பெற்றவர் யாரென அறிந்துகொண்ட கூட்டம் மகிழ்ச்சியில் இறங்குவது இந்நேரத்தில்தான். 2023 ஏப்ரலில் மெல்போர்ன் நகரில் அத்தகைய ஒரு கூட்டம், கார்கள் இன்னும் தடத்தில் இருக்கும்போதே காவல் வரிசையை உடைத்து உள்ளே புகுந்தது. பழுதாகி நின்ற ஒரு காரின் அருகே பலர் சென்றனர். அதன்மேல் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. இன்றைய ஃபார்முலா ஒன் கார்களில் எரிபொருள் எஞ்சினுடன் உயர்மின்னழுத்த மின்கலமும் உண்டு. பச்சை விளக்கு எரிந்தால் தொடலாம்; சிவப்பு எரிந்தால் மின்சாரம் தாக்கக்கூடும், பணியாளரும் வெறுங்கையால் தொடார். ஆனால் அதன் பொருளைக் கூட்டத்தில் எத்தனை பேர் அறிந்திருக்கக்கூடும்?

இத்தாலியின் மோன்சா தடத்தில் பந்தயம் முடிந்தபின் மக்கள் கடலெனத் தடத்தில் நிறைவது நெடுநாள் மரபு. அங்கே கடைசிக் கார் உள்ளே வந்த பின்னர் தடம் மக்களுக்குத் திறந்துவிடப்படுகிறது. வெற்றிமேடைக்குக் கீழே நின்று பாடவும் கொடியசைக்கவும் அவர்களுக்குத் தடையில்லை. மெல்போர்னுக்கும் மோன்சாவுக்கும் உள்ள வேறுபாடு சில நிமிடங்களே.

தொப்பூர் இறக்கம்

தருமபுரி மாவட்டத்தில் மோட்டார் பந்தயத்தடம் இல்லை. ஆனால் தியத்தலாவையில் நிகழ்ந்தது போன்ற இரண்டாவது விபத்து இம்மாவட்டத்தாருக்குப் புதிதன்று. தருமபுரிக்கும் சேலத்திற்கும் இடையே 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தொப்பூர்க் கணவாயில் இறங்குகிறது. தொடர்ச்சியான சரிவு அது. டீசலைச் சேமிக்க எண்ணிச் சில லாரி ஓட்டுநர்கள் கியரை விலக்கிவிட்டு இறங்குவதும், பாரத்தைத் தாங்காமல் பிரேக் சூடேறிப் பற்று இழப்பதும் அங்கே அடிக்கடி நிகழ்வன. 2020 டிசம்பரில் முன்னர் நடந்த சிறு விபத்தொன்றால் அச்சரிவில் வாகனங்கள் தேங்கி நின்றன. மேலிருந்து கட்டுப்பாடிழந்து இறங்கிய லாரி அவற்றின் மீது வரிசையாக மோதியதில் நால்வர் மாண்டனர்.

பந்தயத்தடத்தில் ஒரு கார் கவிழ்ந்தால், அந்த இடத்திற்கு முன்னதாகவே நிற்கும் பணியாளர் மஞ்சள் கொடி அசைப்பார். கொடியைக் கண்ட ஓட்டுநர் முந்திச்செல்லக் கூடாது. வேகத்தைக் குறைத்தாக வேண்டும். நெடுஞ்சாலையில் கொடி காட்ட ஆள் இல்லை. பழுதான வாகனத்தின் ஓட்டுநர் பின்னால் வெகுதொலைவு நடந்து சென்று வைக்கும் சிவப்பு முக்கோணப் பலகையே கொடிக்கு நிகர். கணவாயின் மேல்வளைவில், லாரிகள் இறங்கத் தொடங்கும் இடத்திற்கு முன்பாகவே அதை வைத்தால்தான் பிரேக் பிடிக்க அவற்றுக்குத் தொலைவு கிடைக்கும். விபத்தைக் கண்டு வண்டியை நிறுத்துவோர் இறங்கி நிற்க வேண்டிய இடம், சாலையோர இரும்புத் தடுப்புக்கு மறுபுறம்.